நாற்பது பாலன்களை ஒட்டியவன்

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை பூசையில் உன் கல்யாணத்துக்கு மூன்றாம் ஓலை வாசித்துவிட்டார்கள். நீ கோயம்புத்தூரில் வேலையில் இருப்பதால், மூன்று வாரமும் ஜெனி என்று உன் பேரைக் கோயில் மைக்கில் கேட்கும் பாக்கியம் எனக்கும் உங்கம்மாவுக்கும்தான் கிடைத்தது. இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று வாசித்தபோது, உங்கம்மா பெண்கள் பக்கத்திலிருந்து திரும்பிக் கோயில் முழுவதையும் ஒரு பார்வை பார்த்தாள். எவனாவது வாயைத் திறக்கட்டும் என்கிற பார்வை. யாரும் திறக்கவில்லை. ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன். உன்மேலோ மாப்பிள்ளைமேலோ சொல்ல ஒரு குறையும் இல்லை. என்மேல் ஒன்று இருக்கிறது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நான் செய்த ஒரு தப்பை உன் சிநேகிதி கவிதா தன் தலையில் போட்டுக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன். கல்யாணத்தில் உன் பக்கத்தில் தோழியாக நிற்கப்போவது அவள்தான் என்று நீ போனில் சொன்னாய். அதை உன்னிடம் சொல்லாமல் அவள் முன்னால் மாப்பிள்ளை கையில் உன்னைப் பிடித்துக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் போன் இருக்கும்போது இப்படி உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் என்றால் நடுவில் உங்கம்மா வாங்கிக்கொண்டு புடவைக் கதைக்குப் போய்விடுவாள்.

நீ பிளஸ் ஒன் படித்த வருஷம் அது. நம் தெருக்கோடி பிலோமினா அக்காவை நினைத்துக்கொள். அப்போது அவளுக்கு முப்பது வயசுகூட ஆகவில்லை. கரிக்கலாம்பாக்கம் திருப்பத்தில் ஸ்கூட்டியிலிருந்து விழுந்து மேல்வரிசையில் முன்பல் நாலும் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. வில்லியனூரில் துணிக்கடை கவுன்ட்டரில் நின்றவள், அந்த வேலையை விட்டுவிட்டு வீட்டோடு தைக்க உட்கார்ந்துவிட்டாள். பேசினால் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டுதான் பேசுவாள். பாட்டு குரூப்பில் முன்னால் நின்று பாடியவள், இப்போது கோயிலில் கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்பாள், பாடமாட்டாள். அவள் பாடாத முதல் கிறிஸ்துமஸில் நாங்கள் கேரல்ஸ் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். அவள் இல்லாத குறையைத் தீர்க்க நான் சத்தத்தைக் கூட்டினேன். மூன்றாவது வீட்டில் ஒரு குழந்தை அழுதது. நாலாவது வீட்டில் பாட்டு முடிவதற்குள் கேக்கைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த கிறிஸ்துமஸுக்குள் அக்காவுக்குப் பல் கட்டிவிட வேண்டும் என்று நீ அன்றைக்கே முடிவு செய்துவிட்டாய் என்று பிறகுதான் தெரிந்தது. என் பாட்டும் அதற்கு ஒரு காரணம் என்று உங்கம்மா இன்றைக்கும் சொல்கிறாள்.

அடுத்த நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. நாளைக்கு லீவு, நாளைக்கும் லீவு என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்த மழை லீவில்தான் நீயும், ஏம்பலத்திலிருந்து பஸ் ஏறி வந்த கவிதாவும் நம் வீட்டில் கம்பெனி ஆரம்பித்தீர்கள். காகிதக் கூழில் கிறிஸ்துமஸ் குடில் செட் செய்து கோயில் வாசலில் விற்பது, வருகிற பணத்தில் அக்காவுக்குப் பல் கட்டுவது என்று திட்டம். பழைய நோட்டுகளைக் கிழித்து மூன்று நாள் அண்டாவில் ஊறப்போட்டீர்கள். உன் பத்தாம் வகுப்புக் கணக்கு நோட்டு முழுவதும் மாட்டுக் கொட்டகை ஆனது. அந்த நோட்டுக்கு அதைவிட நல்ல கதி கிடைத்திருக்காது. ஊறவைத்த வெந்தயமும் காகிதமும் சேர்த்து உங்கம்மாவின் கிரைண்டரில் போட்டு ஆட்டினீர்கள். பத்து நாளைக்கு நம் வீட்டு இட்லியில் புளூ இங்க் வாசனை வந்தது. உங்கம்மா கத்தினாள், அப்புறம் அவளே உட்கார்ந்து மாதாவுக்கு முக்காடு போட்டுக்கொடுத்தாள். கவிதா ஒட்டகத்தை நேரில் பார்த்ததில்லை, அதனால் அவள் செய்த ஒட்டகத்துக்கெல்லாம் பசு முகம் வந்தது. உன் கழுதை நாய் மாதிரி இருந்தது. ஆனால் பாலன் இயேசுவை மட்டும் இரண்டு பேரும் எவ்வளவு அழகாகச் செய்தீர்கள். கட்டைவிரல் அளவு, அதில் மூடிய கண், விரித்த கை. வெயிலே இல்லாத அந்த நாட்களில் ஃபேனுக்குக் கீழே, ஃபிரிட்ஜுக்குப் பின்னால், இன்வெர்ட்டர் மேலே என்று வீடு முழுக்க இடையர்களும் ஆடுகளும் காய்ந்துகொண்டிருந்தார்கள். ஷிஃப்ட் முடிந்து வந்தால் எனக்கு உட்கார இடம் இருக்காது. அவ்வளவு சந்தோஷமாக நம் வீடு அதற்கு முன்னால் இருந்ததில்லை.

அந்தச் சந்தோஷத்தில் எனக்கும் பங்கு வேண்டும் என்று தோன்றியது. அங்கேதான் கெட்டது. நான் சேதராப்பட்டு கம்பெனியில் பேக்கிங் செக்ஷனில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறவன். பெட்டியை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டிப் பார்ப்போம். உள்ளே ஏதாவது ஆடினால் அந்தப் பெட்டி வெளியே போகாது. ஆடுகிற பொருள் உடையும், இல்லை தொலையும், இல்லை திரும்பி வரும். இது எனக்குக் கையிலேயே ஊறிப்போன விஷயம். ஒரு சனிக்கிழமை, மழைக்கு விட்ட லீவை ஈடுகட்ட உங்களுக்கு ஸ்பெஷல் கிளாஸ் வைத்திருந்தார்கள். காலையில் போன நீங்கள் வருவதற்குச் சாயங்காலம் ஆகும். மறுநாள் பூசை முடிந்ததும் விற்பனை. நாற்பது செட்டும் தரையில் வரிசையாக இருந்தது. கம்பெனியிலிருந்து கழித்துப்போட்ட அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். பிள்ளைகளுக்கு வேலை மிச்சமாகட்டும் என்று நானே பேக் பண்ண ஆரம்பித்தேன். முதல் பெட்டியை ஆட்டினேன். பாலன் தீவனத்தொட்டியை விட்டு எழுந்து ஆட்டுக்குட்டிகளோடு உருண்டுகொண்டிருந்தார். அவ்வளவு சின்ன உருவம் தொலைந்தால் செட்டே வீண் என்று பட்டது. இரண்டு ட்யூபைக் கலந்து ஒட்டுவோமே, அந்தப் பசையை எடுத்தேன். நாற்பது பாலன்களையும் நாற்பது தொட்டிகளில் அசையாமல் ஒட்டினேன். பெட்டியை மூடி டேப் போட்டு அடுக்கிவைத்தேன். நீங்கள் வந்து பார்த்துவிட்டு, எல்லாம் முடிந்துவிட்டதா என்று குதித்தீர்கள். ஒட்டியதைப் பற்றி நான் சொல்லவில்லை, அது சொல்லவேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

நானும் பிறந்ததிலிருந்து கிறிஸ்தவன், வேதக்காரன்தான். பாலன் பிறப்பது இருபத்துநாலாம் தேதி நடுச்சாமப் பூசையில்தான், அதுவரைக்கும் எந்த வீட்டுக் குடிலிலும் தொட்டி காலியாகத்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியாதா. ஒவ்வொரு வருஷமும் நம் வீட்டில் உங்கம்மா அன்றைக்குப் பாலனை வைத்துச் சாம்பிராணி போடுவதைப் பார்க்கிறவன்தானே. ஆனால் பெட்டி ஆடியதும் நான் வேதக்காரன் என்பது மறந்து பேக்கிங் செக்ஷன் மட்டும் ஞாபகம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை விட்டதும் கோயில் கேட்டுக்குப் பக்கத்தில் மேஜை போட்டீர்கள். கவிதா பெட்டிகளைத் திறந்து எடுத்துவைக்க, நீ அடுக்கிக்கொண்டிருந்தாய். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். நான் என் டூவீலருக்குப் பக்கத்தில் பெருமையாக நின்றேன். மாதா சபைத் தலைவி தெரேசம்மாதான் முதல் செட்டைக் கையில் எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள், விரலால் பாலனை நெம்பிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, பாலன் இப்பவே பொறந்துட்டாரா? இன்னும் ரெண்டு வாரம் கீதே."

சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொரு செட்டாக எடுத்து நெம்பிப் பார்த்தார்கள். வரவில்லை. நல்ல பசை. பிறக்காத பிள்ளையை எப்படி வீட்டில் கொண்டுபோய் வைப்பது என்று ஒருத்தி கீழே வைத்தாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி வைத்தாள். அப்போது தெரேசம்மா, திட்டவேண்டும் என்றுகூட இல்லை, இரக்கமாகத்தான் சொன்னாள், அந்தப் பொண்ணு வேதக்காரப் பொண்ணு இல்ல, தெரியாம ஒட்டிடிச்சி, பாவம் என்று. எல்லாரும் கவிதாவைப் பார்த்தார்கள். கவிதா என்னைப் பார்த்தாள். என் முகத்தை இல்லை, கையைப் பார்த்தாள். அந்தப் பசை இரண்டு நாளைக்குப் போகாது, என் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. நான் கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"ஆமாங்க, நான்தாங்க தெரியாம ஒட்டிட்டேன்," என்றாள் கவிதா.

பதினாறு வயசுப் பெண். வேற்று ஊர், வேற்று மதம், அந்தக் கூட்டத்தில் அவளுக்குத் தெரிந்த பெரியவர் என்று நான் ஒருத்தன்தான் இருந்தேன். நான் இரண்டடி எடுத்துவைத்து, இல்லை, நான்தான் என்று சொல்லியிருக்கலாம். அரை நிமிஷ வேலை. ஊர் சிரிக்குமே என்று பயந்தேன், பாப்பா. வேறு ஒரு காரணமும் இல்லை. அதற்கப்புறம் சொல்ல நேரம் கிடைக்காமலா போனது. சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தேன், அடுத்த வாரம் என்று நினைத்தேன், அப்புறம் இனிமேல் எதற்கு என்று விட்டுவிட்டேன். நாள் ஆக ஆகச் சொல்வது சுலபமாகும் என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே. உனக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் இப்படி ஏதாவது வந்தால் அன்றைக்கே, சோறு ஆறுவதற்குள் சொல்லிவிடு.

ஒரு செட்டும் விற்காமல் வீடு வந்து சேர்ந்தோம். நீ அழுவாய் என்று எதிர்பார்த்தேன், நீ அழவில்லை. யார் ஒட்டியது, ஏன் ஒட்டினாய் என்று ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. தொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அப்பா, ஹாக்சா பிளேடு இருக்கா?" என்றாய். அன்று மத்தியானம் முழுக்க நான்தான் அறுத்தேன். நானே அறுக்கிறேன் என்று பிளேடை யாருக்கும் கொடுக்காமல் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு பாலனையும் முதுகில் ஒட்டியிருந்த கொஞ்சம் வைக்கோலோடு பிரித்து எடுத்தேன். அறுத்த தழும்பு தெரியாமல் இருக்க, என் பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து ஒவ்வொருவரையும் துணியில் சுற்றினீர்கள். உங்கம்மா இஞ்சி டீ போட்டு எனக்கு மட்டும் இரண்டு தம்ளர் கொடுத்தாள். அப்போதுதான் நீ அந்த யோசனையைச் சொன்னாய். இப்போது காலித் தொட்டியோடு குடிலை விற்றுவிடுவோம், பாலனை இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் வீடு வீடாக நாமே கொண்டுபோய்க் கொடுப்போம் என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சொல்ல வாயெடுத்து, அன்றைக்கு ஒரு நாளாவது வாயை மூடிக்கொண்டிருப்போம் என்று விட்டுவிட்டேன். நான் செய்த உதவிகளிலேயே பெரியது அதுதான்.

அடுத்த ஞாயிறு மேஜை முக்கால் மணி நேரத்தில் காலி. பிள்ளை பிறக்கிற அன்றைக்குப் பிள்ளையே வீட்டைத் தேடி வருமாம் என்று தெரேசம்மாவே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். அவள் மட்டும் தனக்கு ஒன்று, சொந்தக்காரர் வீடுகளுக்கு இரண்டு என்று மூன்று செட் வாங்கினாள். பக்கத்துப் பங்கிலிருந்தும் கேட்டு வந்தார்கள். இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் மழையும் நின்றது. நீங்கள் இரண்டு பேரும் சைக்கிளில், கூடையில் நாற்பது பாலன்களோடு புறப்பட்டீர்கள். கரிக்கலாம்பாக்கத்துப் புது ப்ளாட்டுகளில் தெருப்பேரும் இல்லாமல் வீட்டு நம்பரும் இல்லாமல் வழிதவறி, ஒரு இந்து வீட்டில் போய்ப் பாலனை நீட்டியிருக்கிறீர்கள். அந்த அம்மா, யார் பிள்ளையா இருந்தா இன்னா என்று வாங்கிச் சாமி மாடத்தில் வைத்துவிட்டு, திருப்பிக் கேட்டால் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். நல்லவேளை, ஒன்று கூடுதலாகச் செய்து வைத்திருந்தீர்கள். தெரேசம்மா வீட்டுக்கு நானும் கூட வந்தேன். அவள் பாலனை உன் கையிலிருந்து வாங்காமல், கவிதாவைக் கூப்பிட்டு அவள் கையால் வாங்கினாள். நடுச்சாமம் வரைக்கும் அரிசிப் பானையில் இருக்கட்டும் என்று அவள் கையாலேயே உள்ளே வைக்கச் சொன்னாள். கவிதா அரிசியில் குழிபறித்துப் பாலனைப் படுக்கவைத்து, மூக்குக்கு அரிசி படாமல் துணியை இழுத்துவிட்டாள். கதவோரம் நின்று அதைப் பார்த்தேன். அப்போதும் சொல்லவில்லை.

பல் கட்டுவது அந்தக் கிறிஸ்துமஸுக்குள் முடியவில்லை. பிலோமினா அக்கா முதலில் சம்மதிக்கவே இல்லை. பிச்சை எடுத்துப் பல் கட்டிக்கொள்கிற அளவுக்குத் தான் போய்விடவில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டாள். நீ ஜன்னல் வழியாகப் பேசியதை நான் தெருவில் நின்று கேட்டேன்.

"கோயில் கீபோர்டுல கட்டை போனா பாட்டு குரூப் செலவு பண்ணி மாத்துறோம் இல்லக்கா? பாடுற உன் வாய்க்கு மட்டும் நீயே செலவு பண்ணணுமா?"

உள்ளே தையல் மெஷின் நின்றது. அப்புறம் சிரிப்புச் சத்தம் கேட்டது. துப்பட்டா இல்லாத சிரிப்பு. பாண்டியில் டாக்டர் அளவெடுத்து, புது வருஷம் பிறந்து பல் வந்தது. முதல் நான்கு நாள் அக்கா எதைப் பேசினாலும் விசில் வந்தது, தன்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டு திரிந்தாள். ஜனவரியில் மூவரசர் திருநாளன்று நற்கருணை வாங்கி முடிந்தபின் பாடினாள். தூணுக்குப் பின்னாலிருந்து இல்லை, முன்னால் மைக்குக்கு வந்து நின்று பாடினாள். நான் அழுதேன். உங்கம்மா அழுதாள். பக்கத்தில் நின்ற கவிதாவுக்குப் பாட்டு புரிந்ததோ இல்லையோ, அவளும் அழுதாள். நீ மட்டும் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாய். இப்போது உன் கல்யாணப் பூசைக்கு முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை தான்தான் பாடுவேன், வேறு எவளையும் மைக் பக்கம் விடமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

இதுவரைக்கும் நேற்று எழுதினேன். படித்துப் பார்த்தபோது, உனக்கு எழுதுவதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியது. காலையில் கவிதாவுக்குப் போன் செய்தேன். உனக்குத் தெரியும், என்னையும் அவள் அப்பா என்றுதான் கூப்பிடுவாள். ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். "அப்பா, ஜெனிக்கு அப்பவே தெரியும். அன்னைக்குப் பூரா நானும் அவளும் ஒரே பெஞ்சில இல்ல இருந்தோம்," என்றாள். பாப்பா, இது ஒன்பது வருஷமாக எனக்கு உறைக்கவே இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை உன் பக்கத்திலேயே இருந்தவள் எப்படி ஒட்டியிருக்க முடியும். அம்மாவுக்கும் தெரியும் என்றாள். தரையில் பசை சிந்தியிருந்ததைத் துடைத்ததே அம்மாதானாம். உங்கள் மூன்று பேரைத் தாண்டி ஊரில் இன்றுவரை யாருக்கும், தெரேசம்மாவுக்குக்கூட, தெரியாதாம்.

ஏம்மா, அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். தெரேசம்மா யாருக்காவது ஒரு பட்டப்பேர் வைத்தால் அது கல்லறை வரைக்கும் போகும் என்று நீ அவளுக்கு முன்பே சொல்லியிருந்தாயாம். "நான் சாயங்காலம் பஸ் ஏறி எங்க ஊருக்குப் போயிடுவேன். நீங்க இந்த ஊர்லயே இல்ல இருக்கணும்," என்றாள். போனை வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற சாக்கில் பின்பக்கம் போய் நின்றேன். என் ஒருவன் மானத்தைக் காப்பாற்ற மூன்று பெண்கள் ஒன்பது வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. உன்னை மாதிரி ஒருத்தியைக் கட்டிக்கொள்ள மாப்பிள்ளை எவ்வளவு கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதனால் இப்போது உனக்குச் சொல்ல வேண்டியது வேறாகிவிட்டது. கல்யாணத்தன்றைக்கு வரவேற்பில் தெரேசம்மா மாதா சபையைக் கூட்டிக்கொண்டு மேடைக்கு வருவாள். நான் மைக்கை வாங்கி, எல்லாரும் கேட்க, பாலனை ஒட்டியது நான்தான் என்று சொல்லப்போகிறேன். உங்கம்மாவிடம் சொல்லிவிட்டேன், அவள் சரி என்றுவிட்டாள். எனக்கு என்ன பட்டப்பேர் விழுகிறதோ விழட்டும், மிச்ச நாளுக்கு அந்தப் பேரோடு இந்தத் தெருவில் நடந்துகொள்கிறேன். உனக்குச் சிரிப்பு வந்தால் தலையைக் குனிந்துகொள், கல்யாணப்பெண்ணுக்கு வெட்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். கவிதா மட்டும் நிமிர்ந்து நிற்கட்டும்.

உன் அப்பா